ஒரு சாண் இடைவெளி

தெருவில் அவரைக் கூலிங் என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்திரண்டு வருடமாக ஃபிரிட்ஜ் பழுதுபார்க்கிறவர். அந்தப் பேரில் பாதி கேலி. ஊருக்கெல்லாம் குளிர்ச்சி தருகிறவர் குடியிருப்பது மூன்றாவது மாடியில், தலைக்கு மேலே வெறும் மொட்டை மாடி. வெயில் காலத்தில் அந்த வீட்டுக் கூரையைக் கையால் தொட முடியாது.

வீட்டில் இரண்டே அறை. முன்னறை அவருடைய பட்டறை. எட்டடிக்குப் பத்தடி பின்னறையில் மனைவி பள்ளிச் சீருடையும் திரைச்சீலையும் தைப்பாள். விலைக்கு வாங்கிய சாமான் அங்கே குறைவு. பழைய ஃபிரிட்ஜின் முட்டைத் தட்டில்தான் அவளுடைய நூல்கண்டுகள் உட்கார்ந்திருக்கும். காய்கறிப் பெட்டிகளில் கீரை வளர்ந்தது. கம்பித் தட்டுகள் பாத்திரம் கவிழ்க்க. கதவு ஓரத்து ரப்பரை வெட்டிக் கதவிடுக்கில் ஒட்டியதில் தூசி உள்ளே வருவதே இல்லை. எதையும் தூக்கிப் போட அவருக்கு மனசு வராது. ஒன்றைக் கையில் எடுத்தால், அது இன்னும் என்ன வேலை செய்யும் என்று இரண்டு நாள் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.

அந்த வருடம் வெயில் முன்னாடியே வந்துவிட்டது. மத்தியானத்தில் மனைவியின் கை வியர்த்து வெள்ளைத் துணியில் கறை பட்டது. ஒரு திங்கட்கிழமை தலைசுற்றி எந்திரத்தின் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

"ஏங்க, ஞாயித்துக்கிழமை வரைக்கும் பார்ப்பேன். அப்பவும் இப்படியே இருந்தா மிஷினைத் தூக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். காலையில போய்ட்டு ராத்திரி வர்றேன்."

"அப்போ பகல் முழுக்க நான் யார்கூடப் பேசறது?"

"வாய் பேசற ஃபிரிட்ஜ் ஏதாச்சும் ரிப்பேருக்கு வந்தா வச்சுக்குங்க."

அவர் சிரித்தார். ஆனால் பதினொரு வருடமாக முன்னறையிலிருந்து அவர் ஏதாவது சொல்வார், பின்னறையில் எந்திரம் நிற்கும், பதில் வரும். அந்தப் பேச்சு இல்லாமல் வேலை ஓடும் என்று அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஏசி போட்டால் என்ன என்று கேட்காதவர்கள் இல்லை. "ஏசி சூட்டை அழிக்காதுங்க. நம்ம வீட்டுச் சூட்டை அள்ளி எதிர் வீட்டு ஜன்னல்ல கொட்டும்" என்பார். எதிர் வீட்டு ஜன்னல் இரண்டு கை தூரம்தான். அங்கே ஆறு மாதக் குழந்தையின் தொட்டில் தொங்கியது.

அவரிடம் ஒன்பது பழைய ஃபிரிட்ஜ் கதவுகள் இருந்தன. உள்ளே இருக்கும் மஞ்சள் நுரை சூட்டை எளிதில் கடத்தாது. அறுத்தால் நுரையில் அடைபட்ட கெட்ட வாயு வெளியேறும் என்பதால் கதவுகளை முழுசாகவே வைத்தார். செவ்வாயும் புதனும் பின்னறைக்குள் இரும்புச் சட்டம் அடித்து, கூரைக்குக் கீழே ஒட்டினாற்போல் அவற்றை ஏற்றினார். வியாழக்கிழமை ஜன்னல் இடுக்கு, உத்தரத்துக்குக் கீழிருந்த காற்றுத் துளைகள் எல்லாவற்றையும் ரப்பர் வைத்து அடைத்தார். ஊசி போகக்கூட வழியில்லை. ஃபிரிட்ஜுக்குள் தொங்கவிடும் வட்ட வெப்பமானி ஒன்றைச் சுவரில் மாட்டினார். அதில் எண்கள் நாற்பதோடு முடிந்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை முள் இறங்கியிருந்தது. அவர் விசில் அடித்துக்கொண்டே வேலைக்குப் போனார். மத்தியானம் திரும்பியபோது முள் நாற்பதைத் தாண்டி ஓரத்தில் முட்டிக்கொண்டு நின்றது. மனைவி வாசற்படியில் உட்கார்ந்து திரைச்சீலையால் விசிறிக்கொண்டிருந்தாள்.

"நல்லா ஃபிரிட்ஜ் செஞ்சிருக்கீங்க. உள்ள இருக்கிறது தக்காளின்னு நினைச்சீங்களா? நான் இருக்கேன், மிஷின் மோட்டார் இருக்கு, இஸ்திரிப் பெட்டி இருக்கு. சூடெல்லாம் எந்த வழியாப் போகும்?"

அவர் உள்ளே போய் வெப்பமானியை ஒருமுறை தட்டிப் பார்த்தார்.

"ஒவ்வொரு வீட்டுக்கும் போய் என்ன சொல்றீங்க? ஃபிரிட்ஜைச் சுவத்தோட ஒட்டி வைக்காதீங்க, ஒரு சாண் தள்ளி வைங்க, அதுவும் மூச்சு விடணும்னு சொல்றீங்கல்ல? எனக்கு ஒரு சாண் கிடையாதா?"

அந்த வாக்கியத்தை அவர் ஆயிரம் வீடுகளில் சொல்லியிருப்பார். பெட்டி தானாகக் குளிராது, சூட்டை வெளியே கொண்டுபோய்க் கொட்டப் பின்னால் ஒரு கம்பிச் சுருள் வேண்டும் என்பது அவர் முதல் வாரத்தில் கற்ற பாடம். பெட்டியை மட்டும் செய்துவிட்டுச் சுருளை மறந்திருந்தார். வெயிலைக் கூரைக்குள் இறங்கவிட்டு, கீழே நின்று தடுக்கப் பார்த்ததும் அவருக்கே வெட்கமாக இருந்தது.

சாப்பிடாமலே சட்டத்தைக் கழற்ற ஆரம்பித்தார். துளைகளில் அடைத்த ரப்பரைப் பிடுங்கினார். சனிக்கிழமை ஒன்பது கதவுகளையும் மொட்டை மாடிக்குச் சுமந்து, செங்கல் அடுக்கி, தளத்துக்கும் கதவுக்கும் நடுவே சரியாக ஒரு சாண் விட்டு, வெள்ளைப் பக்கம் மேலாகப் பரப்பினார். காற்றடித்தால் பறக்காமல் கம்பி போட்டுக் கட்டினார். ஒவ்வொரு இடைவெளியையும் கையை விரித்து அளந்தார். மேற்கு ஓரத்தில் இரண்டு கதவு அளவுக்குத் தளம் வெயிலில் கிடந்தது. இஸ்திரி வேலையை விடிந்ததும் முடித்துவிடுவதாக மனைவியே சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு முள் முப்பத்தாறில் நின்றது. குளிர்ச்சி என்று சொல்ல முடியாது. மேற்கு மூலையில் இன்னும் அனல் இறங்கியது. மனைவி எந்திரத்தில் உட்கார்ந்து ஒரு காலரைத் தைத்து முடித்தாள். துணியைத் தூக்கிக் கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தாள். அவர் முன்னறையில் ஒரு மோட்டாரைப் பிரிப்பதுபோல் பாவனை செய்துகொண்டிருந்தார்.

போன் அடித்தது. அக்காதான். குரல் முன்னறை வரை கேட்டது. மனைவி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அடுத்த காலரை ஓட்டினாள்.

"மிஷினுக்கு இடம் ஒழிச்சு வச்சுட்டேன்டி. எப்போ வர்றே?"

"இடம் கிடக்கட்டும் அக்கா. உன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவு ஒண்ணு கிடைக்குமா? ரெண்டு குறையுது."

"அடிப்பாவி, அது ஓடற ஃபிரிட்ஜுடி!"

முன்னறையிலிருந்து அவர் குரல் கொடுத்தார். "பழைய இரும்புக் கடையில சொல்லி வச்சிருக்கேன்னு சொல்லு."

எந்திரம் நின்றது. "நீங்களே சொல்லுங்க" என்று பதில் வந்தது.