தூக்காத கதிரை

இந்த நாட்டில் ஒருவரையொருவர் ஆறுதல்படுத்துவதற்கும் நாட்காட்டியில் நேரம் குறிக்கிறார்கள். மாதத்தின் முதல் செவ்வாய், பகல் பன்னிரண்டு மணி, கணினித் திரையில் ஒன்பது முகங்கள். ஒருவர் பறவைகளைக் காக்கும் சங்கம், ஒருவர் ஆறுகளைக் காக்கும் சங்கம், நான் சதுப்பு நிலங்களைக் காக்கும் சங்கம். எல்லாருக்கும் வேலை ஒன்றுதான். வெள்ளைக்காரர் நிரம்பிய அந்தச் சங்கங்களுக்குள் மற்றவர்களுக்கும் இடம் பிடித்துக் கொடுக்க வேண்டும். டைவர்சிட்டி லீட் என்பார்கள். சங்கத்துக்கு ஒருவர்தான் என்பதால் மனம் விட்டுக் கதைக்க அங்கே வேறு ஆளில்லை. அதற்காகத்தான் இந்த வட்டம். ஒருவருக்கு ஏழு நிமிடம். மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது, புத்தி சொல்லக் கூடாது. நேரம் முடிந்ததும் வட்டத்தை நடத்தும் மார்கரெட் ஒரு சின்ன மணியை அடிப்பார். முதல் தடவை நான் அழுது முடித்தபோது ஒரு சத்தமும் இல்லை. இணைப்பு அறுந்துவிட்டதென்று நினைத்து, "ஹலோ, கேட்கிறதா?" என்றேன். "உன்னைத் தாங்கிக்கொண்டிருக்கிறோம்" என்றார் மார்கரெட். எங்கள் ஊர் பள்ளிவாசல்துறையில் தாங்குகிறவர்கள் கையையாவது பிடிப்பார்கள், பாலில்லாத ஒரு பிளேன்டி ஊற்றித் தருவார்கள்.

ஆனாலும் அந்தச் செவ்வாய்க்காகத்தான் நான் மாதம் முழுக்க இருந்தேன். சங்கத்தின் சமையலறையில் கோப்பை கழுவ வந்து, வானொலி கேட்டு இங்கிலீசு படித்து, வாயால் பிழைத்து மேலே வந்தவள் நான். வட்டத்தில் எனக்கொரு மதிப்பு இருந்தது. அதை வாங்கித் தந்தது ஒரு கதை. எங்கள் ஊரில் களப்போரம் உப்புத்தண்ணீரில் வளரும் கண்டல் மரம் நடுவதற்குக் கூட்டம் போட்டார்கள். ஆண்களும் அதிகாரிகளும் கதிரைகளில் உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது, கருவாடு போடும் பெண்கள் மீன் கழுவ இறங்கும் சேற்றுக்கரையை. வாசலில் நின்ற பெண்களிடம், உள்ளே கதிரை போதாது என்றார்கள். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொருத்தியும் தன் வீட்டு பிளாஸ்டிக் கதிரையைத் தலையில் தூக்கிக்கொண்டு போனாள். கண்டல் வேறு கரைக்கு மாறியது. முன்னால் நடந்தவள் பரீதா, பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே வாங்கில் இருந்தவள். அவள் இதையெல்லாம் வட்ஸ்அப்பில் சொல்லி அனுப்பியபோது நான் இங்கே பேருந்துக்குக் காத்து நின்றேன். ஆனால் வட்டத்தில் "நாங்கள் தூக்கிக்கொண்டு போனோம்" என்றேன். தெரியாமல் வந்த சொல் என்று எழுதத்தான் கை வருகிறது. தெரிந்தேதான் சொன்னேன். அன்றிலிருந்து யாருக்குத் தைரியம் வேண்டுமென்றாலும் என் கதிரையைப் பற்றித்தான் பேசினார்கள்.

பரீதா இப்போது ஊரில் கண்டல் காக்கும் குழுவொன்றில் பெண்களுக்குப் பொறுப்பு. அவளை ஒருநாள் அழைக்கலாமா என்று மார்கரெட் கேட்டபோது ஓம் என்றேன். அவளுடைய இங்கிலீசு பள்ளிக்கூடத்தோடு நின்றது. நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். நான் விடுவதுதானே அந்தப் பக்கம் போகும் என்று நினைத்தேன்.

வட்டம் கூடியபோது ஊரில் பின்னேரம் ஐந்தரை. கவிழ்த்த தோணியில் இருந்தபடி, காற்றில் பறக்கும் முக்காட்டைப் பல்லால் கடித்துக்கொண்டு பரீதா திரைக்கு வந்தாள். "என்னடி, எல்லாரும் மையத்து வீட்டுல மாதிரி இருக்காங்க?" உங்களைக் கண்டது சந்தோஷமாம் என்று மொழிபெயர்த்தேன். பறவைச் சங்கத்துக்காரி சொல்லி முடித்து மணி அடித்ததும், "ஐஸ்பழக்காரன் வந்துட்டானா?" என்று சிரித்தாள். அவள் சிரித்ததில் எல்லாருக்கும் சிரிப்பு வந்தது. பிறகு பறவைச் சங்கத்துக்காரியைப் பார்த்து, "ஏன் புள்ள கண்ணு செவந்திருக்கு? தின்னீங்களா?" என்றாள். நான் அதை அப்படியே இங்கிலீசில் சொன்னேன். அந்தப் பெண் உடைந்து அழ, மற்றவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். மார்கரெட் மணியை மேசை இழுப்பறைக்குள் வைத்துவிட்டார். எனக்கு இவர்கள் இத்தனை காலம் தந்தது மௌனம் மட்டும். வந்து இருபது நிமிடம் ஆகாதவளுக்கு எல்லாவற்றையும் அவிழ்த்துக் கொடுத்துவிட்டார்கள். 

அப்போதுதான் மார்கரெட், "அன்று நீ தூக்கிய கதிரை எது என்று அவளிடம் கேள்" என்றார்.

மாற்றிக் கேட்டிருக்கலாம். நான் சொல்லைத் தேடுவதற்குள் அந்தக் கேள்வி அவளுக்கே விளங்கிவிட்டது. பரீதா என் முகத்தையே பார்த்தாள். பிறகு என்னை விட்டுவிட்டுத் தன் உடைந்த இங்கிலீசிலேயே சொன்னாள்: இவளுடைய கதிரை சிவப்பு. நான் தூக்கினேன். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. நானும் அன்று கூடவே நடந்தேன் என்று நினைத்து எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. மொழிபெயர்க்கவும் நான் தேவைப்படவில்லை.

முடிந்த கையோடு பரீதாவுக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"நீயும் தூக்கினேன்டு சொன்னியாடி?"

"ஓம்."

"சொல்லிட்டுப் போ, எனக்கென்ன."

"சிவப்புக் கதிரை எனக்காகச் சொன்ன பொய்தானே?"

"பொய்யா? பூட்டிக் கெடக்குற உங்கும்மாட வீட்டுத் தொறப்பு எண்ட கையிலதானே கெடக்கு. ஆளுக்குக் கதிரை போதாமப் போச்சி. தொறந்து எடுத்துட்டுப் போன."

"அதுல யாரு இருந்த?"

"கருவாடு போடுற ரிஸ்வானாட மருமகள். இப்பவும் அவதான். வேற கதிர குடுத்தா மொகத்த நீட்டுறா."

முகமே தெரியாத அந்த மருமகள் மேலும் எரிச்சல் வந்தது. என்னை மன்னித்த பரீதா மேல் வந்தது அதைவிடக் கூட. அவள் என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன்.

அடுத்த மாதம் என் ஏழு நிமிடத்தில் சொன்னேன்: "அந்தக் கதிரையை நான் தூக்கவில்லை. அன்று நான் ஊரிலேயே இல்லை." வழக்கப்படி ஒரு சத்தமும் இல்லை. இந்த முறை எந்த இணைப்பும் அறுந்ததாக நான் நினைக்கவில்லை. பறவைச் சங்கத்துக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். இந்த மாதமும் வட்டத்துக்கு அழைக்கப்பட்டு, ஊர்க் கூட்டத்தின் நடுவிலிருந்து திரைக்கு வந்த பரீதா மட்டும், "ம்… சொல்லு புள்ள" என்றாள்.  அவளுடைய தோளுக்குப் பின்னால் என் உம்மாவின் சிவப்புக் கதிரை தெரிந்தது. ஒரு பெண், அந்த மருமகளாகத்தான் இருக்க வேண்டும், அதில் நன்றாகச் சாய்ந்திருந்து, கையை நீட்டி யாரோ அதிகாரியோடு வாதாடிக்கொண்டிருந்தாள். என் அலுவலகச் சில்லுக் கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்தேன். அவள் எழும்பமாட்டாளா என்று பார்த்தேன். எழும்பிவிட்டால் அதில் போய் இருக்க நான் அங்கே இல்லையே என்றும் நினைத்தேன்.