பதினொன்று முதல் நாலு வரை

எங்கள் அடுத்த வீட்டு ட்ரீக்கா ஆன்ட்டி கடற்கரை மீன்பிடி ஊரிலிருந்து கமீஸ்பர்க் மலையடிக்கு வேலைக்கு வந்தவள். இருபத்திரண்டு வருடமாக இங்கே ஒரு விடுதியில் படுக்கை விரிப்பு துவைக்கிறாள். ஆகஸ்ட் வந்தால் காய்ந்து கிடக்கும் பாலை முழுக்க ஆரஞ்சுப் பூ. அதைப் பார்க்கக் கேப் டவுனிலிருந்து கூட்டம் வரும். கூட்டம் படுத்த விரிப்பெல்லாம் ஆன்ட்டிக்கு.

இந்தப் பூக்களுக்குத் தாங்கள் பெரிய அதிகாரி என்ற நினைப்பு. வெயில் ஏறி பதினொன்றுக்குத் திறந்தால் நாலு மணிக்கு மூடிவிடும். ஆன்ட்டி பூக்காட்டு வழியாக ஏழுக்கு வேலைக்குப் போய் ஐந்துக்குத் திரும்புவாள். பூக்காலத்தில் ஞாயிறும் லீவு கிடையாது. ஆக, இத்தனை வருடமாக அவள் பார்த்ததெல்லாம் சுருண்டு கிடக்கும் பூவைத்தான்.

இந்த வருடம் ஒரு கூட்டம் வராமல் போனதில், புதன்கிழமை அவளுக்கு லீவு கிடைத்தது. சர்ச்சுக்குப் போடும் ஷூவை மாட்டிக்கொண்டாள். நானும் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன். தணலில் சுட்ட ரொட்டியும் பிளாஸ்க்கில் டீயுமாக இரண்டு மணி நேரம் நடந்து மலைச்சரிவுக்கு ஏறினோம். கூடவே கடல் பக்கமிருந்து மேகமும் ஏறி வெயிலை மறைத்தது.

பன்னிரண்டு ஆனது, ஒரு மணி ஆனது. ஒரு பூ அசையவில்லை. நான் முகம் கழுவாமல் வந்ததுதான் காரணம் என்றாள் ஆன்ட்டி. ஒன்றை விரலால் பிரித்தேன், இதழ் கிழிந்தது. கையில் அடித்தாள். மூன்று மணிக்கு மலை மேலிருந்து இறங்கி வந்த ஒரு ஜோடி, நீங்கள் நேற்று வந்திருக்க வேண்டும், பூவைப் பார்த்துக் கண்ணே கூசியது என்று சொல்லிவிட்டுப் போனது.

"நேத்து இவங்க விரிப்பைத்தான் துவைச்சிட்டிருந்தேன்" என்றாள் ஆன்ட்டி. இறங்கும்போது ஷூ கடித்துக் குதிகாலில் ரத்தம்.

வியாழக்கிழமை வானத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லை. பள்ளிக்கூடம் போவது போலக் கிளம்பி, பூ திறக்கும் நேரம் வரை ஒளிந்திருந்து, விடுதித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்க் குழாயை மூடினேன். தண்ணீர் இல்லாவிட்டால் துவைக்கும் வேலை இல்லை, ஆன்ட்டி வெளியே வருவாள் என்பது என் கணக்கு.

வந்தாள், இரண்டு வாளியோடு. பூக்காட்டுக்கு அந்தப் பக்கம், காற்றில் சுற்றித் தண்ணீர் இறைக்கும் காற்றாடிப் பம்பு இருக்கிறது. விரிந்து கிடந்த பூக்களுக்கு நடுவே, தண்ணீர் தளும்பாமலிருக்க வாளியையே பார்த்தபடி நடந்தாள். மூன்றாவது நடையில் குறுக்கே போய் நின்றேன்.

"ஆன்ட்டி, கொஞ்சம் தலையத் தூக்கிப் பாரேன்."

"தள்ளுடி. குழாய்ல தண்ணி வரல, நாலு மணிக்கு ஆளுங்க வராங்க, இவ பூவைப் பாருங்கறா."

"மூடினது நான்தான்."

அடி விழும் என்று தோளைக் குறுக்கினேன். அவள் வாளிகளை இறக்கினாள். நிமிர்ந்தாள். மலையடி வரை ஆரஞ்சாக எரிந்துகொண்டிருந்த பூக்களைப் பார்த்தாள். குழாயைத் திறக்க ஓடப்போன என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"எங்க ஓடற? இந்த ரெண்டையும் கொண்டுபோய் ஊத்திட்டு, திரும்ப ரொப்பிட்டு வா." பிறகு, என் பக்கம் திரும்பாமலே, "மெதுவா வா" என்றாள்.

கைப்பிடி உள்ளங்கையை அறுத்தது. போகும்போது மூன்று முறை, வரும்போது காலி வாளியோடு ஆறு முறை, இறக்கி வைத்து உட்கார்ந்தேன்.