கண்ணாடியில் விழுந்த இரண்டு குடைகள்

எனக்கு ஒரு கெட்ட புத்தி உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்ல வாய் வராது. நாலு பேர் முன்னால் என்றால் உயிரே போனாலும் வராது. இதனால் பட்ட அசிங்கங்கள் கொஞ்சநஞ்சமில்லை. மற்றதையெல்லாம் நானே சிரித்துச் சிரித்துச் சொல்லிவிடுவேன். இந்த ஒன்றுக்கு மட்டும் சிரிப்பு வரமாட்டேன் என்கிறது.

வீடு ஸ்ரீவில்லிபுத்தூர். கிருஷ்ணன்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட் வேலை. கேமரா வாங்கிய நாளிலிருந்து தலைகால் புரியாமல் திரிந்தேன். அதற்கு மேல் இரண்டு ஃபிளாஷ், இரண்டு ஸ்டாண்டு, வெளிச்சத்தைப் பரத்தி அடிக்க இரண்டு வெள்ளைக் குடை என்று சேர்ந்ததும் கேட்கவே வேண்டாம். கல்லூரியில் கேன்டீன் மாஸ்டரைக்கூட விட்டு வைக்காமல் குடையைப் பற்றி வகுப்பெடுத்தேன்.

நண்பன் மம்சாபுரத்துக்காரன். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அவனுக்கு ராஜபாளையத்தில் பெண் பார்த்து, அங்கேயே ஒரு மண்டபத்தில் கல்யாணம் என்று முடிவானது. வீடியோவுக்குச் செட்டியார்பட்டியிலிருந்து ஒருவரைப் பேசியிருந்தார்கள். அவரே போட்டோவும் எடுப்பார். ஆனால் குரூப் போட்டோ மட்டும் என் பொறுப்பு என்று நானே வலியப் போய் வாங்கிக்கொண்டேன்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நண்பன் என்னை டீக்கடைக்குக் கூப்பிட்டான். அவன் அப்பா இறந்து ஆறு வருஷமாகிறது. அதற்குப் பிறகு அவன் அம்மா எந்தக் கல்யாண மேடையிலும் ஏறியதில்லை. சொந்த அண்ணன் மகள் கல்யாணத்துக்கே போய், பந்தி நடக்கும் இடத்தில் நின்று பரிமாறிவிட்டு வந்துவிட்டார்களாம். இவன் இரண்டு மாசமாக மல்லுக்கட்டி, அழுது, கோபித்து, சாப்பிடாமல் கிடந்து, ஒருவழியாகச் சம்மதிக்க வைத்திருந்தான். என் மகன் கல்யாணத்துக்கு நான் ஏறாமல் யார் ஏறுவது என்று கடைசியில் அவர்களே சொன்னார்களாம்.

"தாலி கட்டி முடிச்சதும் மொத போட்டோ, அம்மா நடுவுல. எங்க அத்தை ஏதாவது பேசுறதுக்குள்ள எடுத்துரு மாப்ள. எனக்கு அந்த ஒண்ணு போதும்."

இதெல்லாம் ஒரு விஷயமா, நான் பார்த்துக்கிடுதேன் என்று அவன் முதுகில் தட்டினேன். தட்டின கையை நினைத்தால் இப்போதும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒத்திகையெல்லாம் பார்த்தேன், இல்லையென்று சொல்லவில்லை. மொட்டைமாடியில் பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு குடத்தைக் கவிழ்த்து வைத்து, தலைகள் என்று பாவித்து எடுத்துப் பார்த்தேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வெளிச்சம் ஒரே சீராக விழுந்தது. என் பெருமைக்கு அளவில்லை. குடத்துக்கு மூக்குக்கண்ணாடி மாட்டிப் பார்க்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை. நண்பனின் அம்மா சோடா புட்டிக் கண்ணாடி போட்டவர்கள். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அதைக் கழற்றினால் வெளிச்சத்தில் தண்ணீராக வடியும். எத்தனையோ நாள் அவர்கள் கையால் சாப்பிட்டவனுக்கு இது தெரியாதா என்ன?

முகூர்த்தத்தன்று விடிந்ததும் போய் மேடைக்கு எதிரே இரண்டு ஸ்டாண்டையும் நிறுத்திக் குடையை விரித்தேன். செட்டியார்பட்டி வீடியோக்காரர் வந்து செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அதிர்ந்து பேசாத மனுஷன். ஸ்டாண்டு இரண்டும் தணிவாக இருக்கிறது, கண்ணாடி போட்டவர்கள் வந்தால் குடை அப்படியே கண்ணாடியில் விழும், ஒரு முழம் உயர்த்திக் குடையைக் கீழ்ப்பார்வையாகச் சாய்த்துவிடுங்க சார் என்றார். சொன்னது அம்புட்டுதான். எனக்குச் சுருக்கென்றது. முன்வரிசையில் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நீங்க உங்க வீடியோவைப் பாருங்கண்ணே, இதை நான் பார்த்துக்கிடுதேன் என்று எல்லார் காதிலும் விழுகிற மாதிரி சொன்னேன். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார்.

தாலி கட்டி முடிந்தது. மேளம் நின்றது. நண்பன் மேடையிலிருந்தே அம்மாவைக் கையைக் காட்டிக் கூப்பிட்டான். இளஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பட்டுச்சேலை. அவன் எடுத்துக் கொடுத்ததாக இருக்கும், மடிப்புக்கூடக் கலையவில்லை. படியேறும்போது யாரையும் பார்க்கவில்லை. நேராக வந்து மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நடுவில் நின்றார்கள். பக்கத்தில் நண்பனின் அத்தை, மாமா, பெண் வீட்டார் எல்லாருமாகப் பதினைந்து பேர். அத்தை முகம் சுண்டியிருந்தது. ஆனாலும் வாய் திறக்கவில்லை.

எடுத்தேன். திரையில் பார்த்தால், எல்லார் முகமும் பளிச். அம்மாவுக்கு மட்டும் கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு வெள்ளைக் குடை. கொஞ்சம் தலையைக் குனியச் சொன்னேன். மறுபடி எடுத்தேன். குடை. பக்கவாட்டில் திரும்பச் சொன்னேன். அப்போதும் குடை. வேர்த்துக் கொட்டியது. நிமிர்ந்தால் வீடியோக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சிரிப்பில்லை. எனக்கென்னவோ அவர் உள்ளுக்குள் சிரிக்கிற மாதிரியே இருந்தது.

என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். இதைத்தான் இத்தனை நாளாக மறைத்துக்கொண்டிருந்தேன். ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தி ஒரு முழம் உயர்த்த வேண்டும். ஒரு நிமிஷ வேலை. ஆனால் அந்த மனுஷன் கண் முன்னால், அவர் சொன்னதையே நான் செய்ய வேண்டும். அது எனக்கு முடியவில்லை. அதைவிட லேசாக ஒன்று வாயில் வந்துவிட்டது.

"அம்மா, நீங்க மட்டும் செத்த எறங்கி நில்லுங்க. இவுகள எடுத்துட்டுப் பொறவு உங்கள எடுக்கேன்."

மேளச்சத்தம் இருந்திருந்தால் பாதிப் பேருக்குக் கேட்டிருக்காது. மண்டபம் மொத்தத்துக்கும் கேட்டது. அம்மா ஏன் என்று கேட்கவில்லை. சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, காலால் படியைத் துழாவி இறங்கினார்கள். நண்பன் மாலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தவன் திரும்பினான். அம்மாவைப் பார்த்தான், அப்புறம் என்னைப் பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அத்தை நகர்ந்து வந்து அந்த இடத்தில் நின்றுகொண்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? எல்லாரும் நெருங்கி நில்லுங்க என்றேன். அதையும் நான்தான் சொன்னேன்.

படம் அருமையாக வந்தது, நாசமாய்ப் போக. என் வாழ்நாளில் அப்படி ஒரு வெளிச்சம் அமைந்ததில்லை.

பிறகு அம்மாவைத் தேடினேன். பந்தியில் இலை போடுகிற இடத்தில் நின்றார்கள். மேடைக்கு வாங்கம்மா என்றதற்கு, வேலை கிடக்குய்யா, பொறவு பார்ப்போம் என்று அப்பள வாளியைத் தூக்கிக்கொண்டார்கள். நண்பன் கெஞ்சினான், மருமகளும் வந்து கையைப் பிடித்தாள். ஏறவே இல்லை. நண்பன் என்னைத் திட்டியிருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். விடுலே என்று மட்டும் சொன்னான். ஆல்பத்துக்கு என் படங்களை அவன் கேட்கவே இல்லை.

மூன்று வாரம் தூக்கம் பிடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஃபிளாஷ், குடை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு மம்சாபுரத்துக்குப் பஸ் ஏறினேன். நண்பனும் அவன் மனைவியும் பெண் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அம்மா எப்போதும் போல வாய்யா என்று கூப்பிட்டு உட்கார வைத்துக் காப்பி போட்டார்கள். நான் ஸ்டாண்டை எடுத்து, ஒரு முழத்துக்கு ஒன்றரை முழமாகவே உயர்த்தி நிறுத்தினேன். அப்புறம் ஒரு பொய் சொன்னேன். அன்றைக்கு லைட்டு உங்க கண்ணாடியில் அடித்தது, அதுக்கு என்ன பண்ணணும்னு எனக்கு அப்போ தெரியலம்மா, வேற எதையும் மனசுல வச்சுச் சொல்லல என்றேன்.

அம்மா அந்த ஸ்டாண்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அந்த வீடியோக்காரரு ஒசத்தச் சொன்னாருல்லய்யா. நான் முன்னாலதான உக்காந்திருந்தேன்."

அவர்கள் குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். காப்பித் தம்ளரை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்கள்.

"யாராவது எறங்கச் சொல்லிருவாகளோன்னு பயந்துக்கிட்டேதான்யா ஏறுனேன். ஒவ்வொரு மொகமா பாத்து வச்சிருந்தேன், இவுக சொல்லுவாக, அவுக சொல்லுவாகன்னு. உன் மொகத்தப் பாக்கவே இல்ல."

போட்டோ எடுக்கட்டுமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவர்களும் எடுக்கச் சொல்லவில்லை. காப்பியைக் குடித்தேன். ஸ்டாண்டை மடக்கி, விரிக்காத குடையோடு பையில் வைத்துக்கொண்டு வாரேம்மா என்றேன். பஸ் வரும்வரை வாசலிலேயே நின்றார்கள்.