கல்யாணத்துக்கு விட்ட வகுப்பறை

மே மாதக் கடைசியில் லீலா டீச்சர் ஒன்றாம் வகுப்பின் கதவைத் திறந்தபோது முதலில் வெளியே வந்தது நாற்றம்தான். புளித்த சாம்பார், அழுகிய மல்லிகை, மூலையில் யாரோ குழந்தையை உட்காரவைத்துவிட்டுப் போன மூத்திரம். முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். பிள்ளைகள் உட்காரும் பலகைகளுக்கு அடியில் எச்சில் இலைகளை மடித்துச் செருகியிருந்தார்கள். சுவரில், தரையில் உட்கார்ந்த குழந்தையின் தலை சாயும் உயரத்தில், அறையைச் சுற்றி வெற்றிலை எச்சில் காய்ந்து வழிந்திருந்தது.

"என்ன கருமமுங்க டீச்சரு இது! மாட்டுக் கொட்டாய்கூடச் சுத்தமா இருக்குமுங்க" என்றாள் ஆயா பாப்பாத்தி. கௌதள்ளிக் கிராமத்திலிருந்து மைசூருக்குப் பிழைக்க வந்தவள். எதற்கும் முகம் சுளிக்காதவள். அவளே சுளித்தாள்.

கோடை லீவில் பள்ளிக்கூடத்தைக் கல்யாணத்துக்கு விடுவது செயலாளர் சீனிவாசனின் வழக்கம். கூடத்தில் தாலி கட்டுவார்கள், வகுப்புகளில் சம்பந்திகள் இறங்குவார்கள். குழாய்க்குப் பக்கத்தில் இருப்பதால் ஒன்றாம் வகுப்புக்குத்தான் போட்டி.

லீலாவின் அப்பா ரயில்வே வேலையாக மைசூருக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவர். அவள் படித்தது, கல்யாணம் செய்துகொண்டது எல்லாம் இந்த ஊரில்தான். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் ஒன்றாம் வகுப்பு. பெரிய வகுப்பு தருகிறோம் என்றபோது வேண்டாம் என்றுவிட்டாள். குழந்தைகள் என்றால் அவளுக்கு உயிர் என்று மற்ற டீச்சர்கள் பேசிக்கொண்டார்கள். அவளைக் கேட்டால், "பெருசுங்க எதிர்த்துப் பேசும். இதுங்களுக்கு மூக்கு ஒழுகும், அவ்வளவுதானே? தொடைச்சுவிட்டா ஆச்சு" என்பாள்.

இந்த வருஷம் அவளுக்கு ஓர் ஆசை இருந்தது. ஹெக்கடதேவன்கோட்டைப் பக்கம் பயிற்சிக்குப் போயிருந்தபோது ஒரு பள்ளியில் சுவரின் கீழ்ப்பாதி முழுக்கக் கறுப்படித்திருந்தார்கள். பிள்ளைகள் உட்கார்ந்த இடத்திலேயே திரும்பி, தத்தம் இடத்தில் எழுதிக்கொண்டிருந்தன. நம் பிள்ளைகளும் முதல் நாளே இப்படி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். சீனிவாசனிடம் கேட்டதற்கு "பாக்கலாம்" என்றார். அவர் பாக்கலாம் என்றால் அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

கறையைப் பற்றிச் சொன்னதும் வெள்ளையடிக்க ஆள் அனுப்பினார். வந்தவன் சுரண்டாமல், கழுவாமல், எச்சிலின் மேலேயே ஒரு கை இழுத்துவிட்டுப் போனான். மறுநாள் பார்த்தால் சுவர் முன்னைவிடச் சிவந்திருந்தது. சுண்ணாம்பு பட்டால் வெற்றிலை சிவக்கத்தானே செய்யும்!

அப்புறம் அவளும் பாப்பாத்தியும்தான். தேங்காய் நாரும் சலவைச் சோடாவும் வைத்துத் தேய்த்தார்கள். நடுநடுவே புதிதாகச் சேரவரும் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும், டைம்டேபிள் போட வேண்டும், சிலேட்டுகளைக் கழுவிவைக்க வேண்டும். வீட்டில் சோற்றைப் பிசைந்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"ஏன், சாப்பிடலையா?" என்றார் கணவர் ஜகதீசன்.

"கையில நாத்தம் போகவே மாட்டேங்குது."

"ஸ்பூன் எடுத்துத் தரட்டா?"

அவள் முறைத்த முறைப்பில் அவர் பேப்பருக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

சனிக்கிழமை மத்தியானம் அறை ஒருவழியாக மனிதர்கள் உட்காரும்படி ஆகியிருந்தது. கறை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. சீனிவாசன் வெற்றிலையை மென்றுகொண்டே வந்தார்.

"பேஷ், பேஷ்! லீலா, நாளைக்கு ஒரு நிச்சயதார்த்தம். கொள்ளேகால்லேருந்து வரா, பெரிய மனுஷா. இந்த ரூமைத்தான் குடுக்கறதா சொல்லியிருக்கேன்."

"திங்கக்கிழமை ஸ்கூல் சார்."

"சாயங்காலமே காலி பண்ணிடுவா. பாப்பாத்தி ரெண்டு வாளி தண்ணி விட்டா முடிஞ்சுது. ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கோம்மா."

சொல்லிவிட்டு ஜன்னல் வழியே தலையை நீட்டி, அவள் வைத்திருந்த குரோட்டன்ஸ் தொட்டியில் துப்பினார்.

அவர் தலை மறைந்ததும் லீலா கடைக்குப் போய்க் கறுப்புப் பெயிண்டும் பிரஷும் வாங்கிவந்தாள். இருட்டுவதற்குள் நான்கு சுவரிலும் கீழ்ப்பாதியைக் கறுப்பாக்கினாள். கதவை ஒட்டிய ஓரத்தைக்கூட விடவில்லை. பாப்பாத்தி மறுபக்கத்திலிருந்து அடித்துக்கொண்டு வந்தாள். கறை போன இடம் தெரியவில்லை. வெளியே தூறல், பெயிண்ட் லேசில் காயாது.

திங்கட்கிழமை காலையில் வாசலிலேயே பாப்பாத்தி பிடித்துக்கொண்டாள்.

"எல்லாம் பட்டுச்சேலைங்க டீச்சரு! கொள்ளேகால் பட்டு. எட்டிப் பார்த்தாங்க, சேலையத் தூக்கிப் புடிச்சுட்டு வெளிய ஓடியாந்துட்டாங்க. செகரெட்டரி மூஞ்சிய நீங்க பாக்கோணுமே!"

லீலாவுக்குச் சிரிப்பு வந்தது. "அப்புறம் எங்கதான் இறங்கினாங்க?"

பாப்பாத்தி மாடியைக் காட்டினாள். மேலே பிரதிபாவின் இரண்டாம் வகுப்பு. போன வருஷம்தான் வேலைக்கு வந்த பெண்.

மணி அடித்தது. புது யூனிஃபார்மில் பிள்ளைகள் வந்து உட்கார்ந்தன. கறுப்பு ஒருவழியாகக் காய்ந்திருந்தது. ஆளுக்கொரு சாக்பீஸ் கொடுத்ததும், அழுதுகொண்டிருந்தவைகூடத் திரும்பிச் சுவரில் கிறுக்க ஆரம்பித்தன. லீலா நின்று பார்த்தாள். இதற்குத்தான் இத்தனை பாடும்.

மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. "சீ!" என்று பிரதிபாவின் குரல். பிறகு பலகை ஒன்றைப் புரட்டிப்போடும் சத்தம், மறுபடியும் "சீ!"

"பாப்பாத்தி, இதுங்களைக் கொஞ்சம் பாத்துக்கோ. சாக்பீஸைத் தின்னாமப் பாரு" என்றாள் லீலா.

மூலையிலிருந்த தேங்காய் நாரையும் மிச்சமிருந்த பெயிண்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டாள். பாதிப் படியிலேயே அந்த வாடை எதிரே வந்தது. இரண்டு கையிலும் சாமான் இருந்ததால் மூக்கைப் பொத்த முடியவில்லை. அப்படியே ஏறினாள்.