கைப்பிழை என்று எழுதியவர்

சிவஞானம் ஐயா போய்விட்டார் என்ற செய்தி பதுளை பஸ் நிலையத்தில் நிற்கும்போது போனில் வந்தது. சொன்னவள், பிரிவில் என்னோடு வேலை செய்பவள், அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. அவரோடு வேலை செய்த நீங்கள் எல்லோரும் இந்த நினைவு மலரில் நல்லதாகவே எழுதிவிட்டீர்கள். என்னால் முடியாது.

எங்கள் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவுக்கு அவர் தலைமை. நான் லுணுகலைத் தோட்டத்திலிருந்து போன புதியவள். நோயாளியின் சிவப்பணுக்களில் கதிரியக்கப் பொருளை ஏற்றிப் படம் எடுப்போம். ஊசி மெல்லியதானால் சிவப்பணு உடையும். ஒட்டவைக்கச் சேர்க்கும் தகர உப்பு கூடினாலும் குறைந்தாலும் பொருள் ஒட்டாது. நோயாளி பிரஷருக்கு விழுங்கும் சில குளிசைகளும் ஒட்டவிடாது. இதெல்லாம் ஐயாவுக்குத் தண்ணீர்பட்ட பாடு. ஆனாலும் படம் கெட்டால், "கையிலதான் பிழை" என்பார். அவர் கையில் அல்ல, எங்கள் கையில்.

கொஸ்லந்தவிலிருந்து தேயிலைக் கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் வந்தார். குடலில் எங்கோ இரத்தக் கசிவு. நான் ஏற்றிய பொருள் சிவப்பணுக்களில் ஒட்டாமல் இரைப்பையிலும் கழுத்திலும் போய் நின்றது. கசிவு இருந்த இடம் தெரியவில்லை. அந்த அம்மாவின் முன்னாலேயே ஐயா என்னைப் பார்த்து, "தோட்டத்துக் கை கொழுந்து பிடுங்கத்தான் சரி" என்றார். கோப்பில் 'கைப்பிழை' என்று எழுதி என் பெயரையும் போட்டார். என் வேலை நிரந்தரமாகப் போகும் நேரம் அது.

மாலையில் அந்த அம்மாவின் கட்டிலருகே உட்கார்ந்து பேசினேன். குளிசை எதுவும் குடிப்பதில்லை என்று கார்டில் இருந்தது.

"எனக்குன்னு தந்தது இல்லீங்க. தலை சுத்துனா பக்கத்து காம்பரா வீட்டு அக்காவோட பிரஷர் குளிசையில ஒன்னு போட்டுக்குவேன்" என்றார்.

லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், எல்லோரும் செய்வதுதான். லயத்தில் பிறந்த எனக்கே கேட்கத் தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. ஐயாவிடம் போய்ச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். கோப்பைத் திருத்தவில்லை. என் நிரந்தரம் ஒரு வருடம் தள்ளிப்போனது.

ஓய்வுபெற்ற பிறகு, இதயத்தைப் படம் எடுக்க அவரே நோயாளியாக எங்கள் பிரிவுக்கு வந்தார். அதற்கும் அதே சிவப்பணு முறைதான். குளிசை ஏதும் பாவிக்கிறாரா என்று கேட்டேன். இல்லை என்றார். படம் மங்கலாக வந்தது. சட்டையை மாட்டும்போது பையிலிருந்து மனைவியின் பெயர் ஒட்டிய பிரஷர் குளிசை அட்டை விழுந்தது, பாதி காலியாக.

"பிள்ளை, கைப்பிழை எண்டு எழுதிவிடும். வெளியில தெரிஞ்சா வெட்கம்" என்றார்.

"இல்லைங்க ஐயா. குளிசைன்னுதான் எழுதுவேன்."

அப்படியே எழுதினேன். செத்துப்போனார் என்பதற்காக அதை நான் அழிக்கப்போவதில்லை.

ஊசியை எடுக்குமுன் இப்போது எல்லோரிடமும் கேட்கிறேன், வேறு யாருடைய குளிசையாவது போட்டீர்களா என்று. லயத்துக்காரர்கள் உடனே ஆமாங்க என்கிறார்கள். படித்தவர்கள், 'இல்லை' என்று சொன்னால் இன்னொரு முறை கேட்கிறேன். அந்த இரண்டாம் முறை, ஐயாவுக்காக.