வரிசையில் நிற்கத் தெரிந்த பிள்ளைகள்

என் அக்காவுக்கு நகைமேல் பொறாமை கிடையாது. வீடு வாங்கியவர்களைக் கண்டு பெருமூச்சு விட்டதும் இல்லை. அவளுக்கு வயிறு எரிவது வேறு இடங்களில். முடிவெட்டும் கடையில் கழுத்தில் துணியைக் கட்டிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையைப் பார்த்தால் எரியும். பஸ்ஸில் மகளை ஜன்னலோரம் உட்கார வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும் அம்மாவைப் பார்த்தால் எரியும். ஒருமுறை டாக்டருக்காகக் காத்திருந்தோம். எதிரே ஒரு பெண் டீயைச் சூடு ஆறுவதற்குள் நிதானமாகக் குடித்து முடித்தாள். அவள் பிள்ளை பக்கத்தில் படம் பார்த்துக்கொண்டிருந்தது.

"குடுத்து வச்சவ" என்றாள் அக்கா, என் காதோரம். வாழ்த்து மாதிரி இல்லை, சாபம் மாதிரி இருந்தது.

அக்கா ஒரு பெரிய ஓட்டலின் சலவைப் பகுதியில் வேலை செய்கிறாள். சூடான உருளைகளுக்கு நடுவிலிருந்து படுக்கை விரிப்புகள் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். இரண்டு பெண்கள் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, உதறி இழுத்து, எதிரெதிரே நடந்து வந்து மடிக்க வேண்டும். முனையோடு முனை சேராவிட்டால் மேற்பார்வையாளர் பிரித்துப் போட்டுவிடுவார். அக்கா மடித்ததை அவர் பிரித்ததே இல்லை.

அப்படிப்பட்டவளுக்குப் பிறந்தது எந்த முனையும் எந்த முனையோடும் சேராத ஒரு மகள். இப்போது ஏழு வயது. டாக்டர் ஏடிஎச்டி என்றார், ஓரிடத்தில் கவனமும் காலும் நிற்காத கோளாறு. அவள் அப்பா அதற்கு முன்பே பம்பரம் என்று பெயர் வைத்திருந்தார். வீட்டில் அதுதான் நிலைத்தது.

அக்காவின் ஓரகத்திக்கு, அதாவது கொழுந்தனின் மனைவிக்கு, அதே வயதில் ஒரு மகன். உட்கார் என்றால் உட்காருவான், எழுந்திரு என்று சொல்ல மறந்தால் அங்கேயே இருப்பான். "பிடிச்சு வச்ச பிள்ளையார்" என்று அக்கா என்னிடம் மட்டும் சொல்வாள். நல்ல பையன். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

போன விடுமுறையில் இரண்டு குடும்பமும் தீம் பார்க்குக்குப் போயிருந்தது. மரப்படகில் ஏறி, உச்சிக்குப் போய், தண்ணீரோடு சறுக்கி விழும் விளையாட்டுக்கு வரிசையில் நின்றார்கள். பாதி வரிசையில் பம்பரம் காணாமல் போனாள். பொம்மைக் கடையின் மேசைக்கு அடியில் கண்டுபிடிப்பதற்குள் சாயங்காலமாகிவிட்டது. யாரும் படகு ஏறவில்லை. திரும்பும் வழியில் ஓரகத்தி சிரித்துக்கொண்டே, "இவ கொஞ்சம் வளரட்டும்க்கா, அப்புறம் கூட்டிட்டு வரலாம்" என்றாளாம். அந்தச் சிரிப்பு அக்காவுக்கு ஒரு வருடமாகச் செரிக்கவில்லை.

இந்த வருடம் அக்காவே அவர்களை அழைத்தாள். துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டாள்.

"என் பொண்ணு அவன் பின்னாடியே நின்னு, அவன் பின்னாடியே படகு ஏறணும். அதை அவன் அம்மா கண்ணால பாக்கணும். அவ்வளவுதான்டி எனக்கு."

நான்தான் முன்கூட்டியே விசாரித்து, நுழைவாயிலில் டாக்டர் கடிதத்தைக் காட்டிப் பம்பரத்தின் மணிக்கட்டில் ஒரு பச்சைப் பட்டை வாங்கிக் கட்டினேன். காத்திருக்க முடியாத பிள்ளைகளுக்கு அது. அதைக் காட்டினால் கூட வருபவர்களும் பக்கத்து வழியாக நேரே ஏறலாம். ஓரகத்தி அந்த நேரம் மகனுக்குத் தொப்பி வாங்கிக்கொண்டிருந்தாள்.

அக்கா பட்டையைப் பார்த்ததும் முகம் கறுத்தாள். "உன்னை யாருடி கேட்டா? அவ பாத்தா என்ன நினைப்பா?"

மழைக்கென்று எடுத்து வந்த முழுக்கைச் சட்டையை அந்த வெயிலில் மகளுக்கு மாட்டி, பட்டையை மறைத்தாள்.

வரிசை நான்கு மடிப்பாகக் கம்பிகளுக்கு நடுவே வளைந்து போனது. பையன் தண்ணீர்ப் புட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றான். பம்பரம் கம்பியில் வவ்வால் போலத் தலைகீழாகத் தொங்கினாள். இறங்கி, முன்னால் நின்றவரிடம், "அங்கிள், உங்களுக்கு நடுவுல மட்டும் ஏன் முடி இல்ல?" என்று கேட்டாள். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டார்.

"அவனைப் பாரு, எப்படி நிக்கறான்" என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.

பம்பரம் அவனை உற்றுப் பார்த்தாள். "அவன் தூங்கறான்மா."

எனக்குச் சிரிப்பு வந்தது. அக்கா என்னை முறைத்தாள். ஓரகத்தி போனில் ஏதோ படித்துக்கொண்டிருந்தாள். ஒரு கையில் போன், ஒரு கையில் ஐஸ்கிரீம், மகனைப் பிடிக்க மூன்றாவது கை அவளுக்குத் தேவைப்படவில்லை. அக்காவின் பார்வை அந்த இரண்டு கைகளிலேயே இருந்தது. மகளின் சட்டைக் கையைப் பிடித்திருந்த விரல்கள் தளர்ந்ததை அவள் கவனிக்கவில்லை.

பம்பரம் கம்பிக்கு அடியில் புகுந்து ஓடினாள். "வரிசைல வாங்கம்மா!" "பிள்ளையைப் பிடிங்க!" என்று குரல்கள். நானும் அக்காவும் இடித்துக்கொண்டு முன்னால் போய்ச் சேர்ந்தபோது, வரிசையின் முனையில், குறுக்கே கட்டியிருந்த சங்கிலியை அவள் இரு கையாலும் பிடித்திருந்தாள். படகுகளுக்கு ஆள் ஏற்றிவிடும் பெண், மஞ்சள் தொப்பிக்காரி, அவள் கையைப் பார்த்தாள். சட்டை முழங்கைக்கு ஏறியிருந்தது.

"பச்சைப் பட்டை போட்ட பிள்ளையை எதுக்கும்மா வெயில்ல நிக்க வச்சீங்க?"

அதை மெதுவாகச் சொல்லியிருக்கலாம். வரிசை முழுக்கக் கேட்டது. ஓரகத்தி வரிசையில் நின்ற இடத்திலிருந்தே கத்தினாள்: "அக்கா! அது இருந்தா நம்ம எல்லாரும் நேரா போயிருக்கலாமே! காலெல்லாம் கடுக்குது!"

அக்கா தரையைப் பார்த்தாள்.

"சரி, அடுத்த படகுல ஏறுங்க" என்றாள் மஞ்சள் தொப்பிக்காரி.

பம்பரம் அசையவில்லை. "இதை நான் போடட்டா?"

"எதை?"

"சங்கிலியை."

அந்தப் பெண் சிரித்தாள். "படகுக்கு நாலு பேர். எண்ணி விடணும். அஞ்சு விட்டா எனக்கு வேலை போயிடும். சரியா?"

"சரி."

படகு வந்தது. பம்பரம் கொக்கியைக் கழற்றினாள். வந்த ஒவ்வொருவரின் கையையும் தொட்டு, முகத்தை நிமிர்ந்து பார்த்து எண்ணினாள். நாலு ஆனதும் கொக்கியை மாட்டினாள். அடுத்த படகு. அதற்கடுத்தது. கால்கள் மட்டும் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. ஆனால் நின்ற இடத்தில் நின்றாள்.

"வா கண்ணு, நம்ம படகு ஏறலாம்" என்றாள் அக்கா.

"வேணாம். வேலை இருக்கு."

அக்கா மஞ்சள் தொப்பிக்காரியைப் பார்த்த பார்வையை நான் அறிவேன். டீ குடித்த பெண்ணைப் பார்த்த அதே பார்வை. "எனக்கு ஒரு நிமிஷம் நின்னதில்லடி. யாரோ ஒருத்திக்கு நிக்கறா."

அப்புறம் என்னை மகளருகே விட்டுவிட்டு, "நான் வரிசைல வர்றேன்" என்று திரும்பிக் கடைசிக்கு நடந்தாள். முழு வரிசையும் தனியாக நின்று வந்தாள். இடையில் ஓரகத்தியின் முறை வந்தது. அவள் மகன் சங்கிலியருகே வந்து அழ ஆரம்பித்தான். "எனக்கும் சங்கிலி வேணும்!" அவனைத் தூக்கித்தான் படகில் உட்கார வைக்க வேண்டியிருந்தது. அக்கா வரிசை நடுவிலிருந்து எட்டிப் பார்த்தாள். முகத்தில் ஒரு வருடத்துச் சிரிப்பு வந்து, மகளைப் பார்த்ததும் பாதியில் நின்றது.

அக்காவின் முறை வந்தபோது பம்பரம் அவளுக்கு முன்னாலேயே கொக்கியை மாட்டினாள்.

"நாலு ஆச்சு. அடுத்த படகுல வாங்க."

"சரிங்க" என்றாள் அக்கா. நின்றாள்.

அடுத்த படகு வந்தது. பம்பரம் கொக்கியைக் கழற்றினாள். அம்மாவின் கையைத் தொட்டாள். நிமிர்ந்து, கண்ணுக்குள் பார்த்தாள். வீட்டில் ஒரு வாய் சோற்றுக்குக்கூட அப்படிப் பார்த்தவளில்லை.

"ஒண்ணு."

அக்கா யாரோ மூன்று பேரோடு உச்சிக்குப் போய், சறுக்கி விழுந்து, தொப்பலாக நனைந்து வெளியே வந்தாள். ஓரகத்தி துண்டை நீட்டினாள். "போதுங்க்கா, கிளம்பலாமா?"

அக்கா துண்டை வாங்கவில்லை. புடவை நுனியைப் பிழிந்துகொண்டே வரிசையின் கடைசிக்கு நடக்க ஆரம்பித்திருந்தாள்.