வீட்டு ஆளுக்குத் தெரிந்த வார்த்தை

அந்த வருஷம் நான் யாரையும் நம்பவில்லை. பள்ளிக்கூட வாசலில் லாட்டரிச் சீட்டு விற்கிறவர், ஐஸ் வண்டிக்காரர், மத்தியானக் கஞ்சிக்கு விறகு கொண்டுவந்து போடுகிறவர், சைக்கிளில் ஒரு காலை ஊன்றிக்கொண்டு சும்மா பிள்ளைகளைப் பார்க்கிற யாராக இருந்தாலும் சரி, முகத்தை மனசில் குறித்து வைத்துக்கொள்வேன். அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. மலையாளத்து ஊரில், ஆரியசாலைக் கடைவீதிக்குப் பின்னால், தமிழ் வகுப்புகளும் இருந்த ஒரு சின்ன ஆரம்பப் பள்ளியில் தினக்கூலி வாத்தியார். சாலை பஜார்க் கடைகளில் அரிசி மூட்டை சுமந்த என் அப்பாவுக்கு இதில் ஒரே வேடிக்கை. நானும் தினக்கூலி நீயும் தினக்கூலி, எனக்குத் தலையில சுமடு, ஒனக்கு நாக்குல சுமடு என்பார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாகப் பார்த்தவன் நான் ஒருத்தன்தான். அக்கா மூன்றாவதோடு நின்றுவிட்டாள். நான் கைக்குழந்தை, அம்மா வேலைக்குப் போனால் தூக்கி வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று நிறுத்தினார்கள். அதனால் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிக்கொடுக்கச் சொன்னால் நான் அதைக் கொஞ்சம் அதிகமாகவே செய்வேன்.

ஜூனில் ஆசிரியர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். முழுக்க மலையாளத்தில். சின்னப் பிள்ளைகள் தங்களைத் தாங்களே பத்திரமாகப் பார்த்துக்கொள்வது எப்படி என்று பாடம். ரோட்டை எப்படிக் கடப்பது, யாராவது கையைப் பிடித்து இழுத்தால் என்ன சொல்லிக் கத்துவது, எங்கே ஓடுவது, யாரிடம் சொல்வது. கடைசியாக ஒன்று சொன்னார்கள். வீட்டுக்காரர்களும் பிள்ளையும் சேர்ந்து ஒரு ரகசிய வார்த்தை வைத்துக்கொள்ள வேண்டும். அம்மா அனுப்பினாள் என்று யாராவது வந்தால் பிள்ளை அந்த வார்த்தையைக் கேட்க வேண்டும், சொல்லத் தெரியாதவனோடு போகக் கூடாது. மற்ற வாத்தியார்கள் ரோட்டைக் கடப்பதோடு பாடத்தை முடித்துக்கொண்டார்கள். எனக்கு இந்த வார்த்தை விஷயம் பிடித்துப்போய்விட்டது.

காரணம், என் இரண்டாம் வகுப்பில் வேறு எதுவும் எடுபடவில்லை. தெரியாத ஆளோடு போகக் கூடாது என்றேன். தெரியாத ஆள்னா யாரு சார் என்றான் ஒருத்தன். நீ முன்னே பார்க்காத ஆள். அப்போ ஊரிலிருந்து வருகிற சித்தப்பா? வகுப்பில் பாதிப் பேருக்கு முகம் தெரியாத சித்தப்பாவும் மாமாவும் இருந்தார்கள். தென்காசி, சங்கரன்கோவில் பக்கத்து ஊர்களிலிருந்து கட்டட வேலைக்கும் ஓட்டல் வேலைக்கும் வந்த குடும்பங்கள். ஒரு அறையில் ஒரு குடும்பம் இருக்கும், திருவிழா முடிந்த வாரம் மூன்று குடும்பம் இருக்கும். யார் தெரிந்தவன், யார் தெரியாதவன் என்று அந்தப் பிள்ளைகளால் எப்படிச் சொல்ல முடியும்? ஆகவே வார்த்தைதான் சரி என்று முடிவு செய்தேன். ஒரு கேள்வியையும் மனப்பாடம் பண்ண வைத்தேன். "எங்க வீட்டு ஆளுக்கு மட்டும் தெரிஞ்ச வார்த்தை என்ன, சொல்லுங்க." நாற்பது பிள்ளைகள் ஒரே ராகத்தில் அதைச் சொல்லும்போது பக்கத்து வகுப்பில் வாய்ப்பாடு நின்றுபோகும்.

கோட்டைக்குள் அக்ரகாரத்திலிருந்து வருகிற தலைமை ஆசிரியை ஒருநாள் என்னை நிறுத்தி, "பாடத்தை விடப் பயத்தை நன்னாச் சொல்லிக் குடுக்கறேள், சார்" என்றார். பாராட்டா குத்தலா என்று தெரியவில்லை. அவரையும் ஒரு வாரம் சந்தேகமாகவே பார்த்தேன்.

வீட்டில் வைத்த வார்த்தையை யாரிடமும் சொல்லக் கூடாது, என்னிடம்கூடச் சொல்லக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அது எனக்குப் பெருமையாக இருந்தது.

இத்தனைக்கும் உண்மையில் எனக்கிருந்த பயம் ஒரு பெண் பிள்ளையைப் பற்றியது. ஏழு வயது. முன்பல் இரண்டும் கிடையாது, அந்த இடைவெளி வழியாகவே விசில் அடிக்கும். அதன் அம்மா பழவங்காடிப் பக்கம் ஒரு ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவர். பள்ளி திறந்த வாரமே வந்து, தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு என்னிடம் சொன்னார். புருஷன் பிரிந்து போய் ஐந்து வருஷம். இப்போது ஆள்விட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறான், பிள்ளையை ஊருக்குக் கொண்டுபோய் அவன் அக்கா வீட்டில் விடப்போகிறானாம். அந்த வீட்டில் பிள்ளைகள் எல்லாம் பீடி சுற்றுகிறவர்கள். பள்ளிக்கூடம் கிடையாது. "அவரு வந்தா விட்றாதிய சாரே." ஆள் எப்படி இருப்பார் என்று கேட்டேன். படம் ஒன்றும் இல்லை. ஒல்லியா இருப்பாரு, நல்லாப் பேசுவாரு என்றார். அதை வைத்து நான் யாரைத் தேடுவேன்? ஒல்லியாக இருந்து நல்லாப் பேசுகிற எல்லாரையும் பார்க்க ஆரம்பித்தேன். லாட்டரிக்காரர் ஒல்லி. பேச்சும் நன்றாகவே பேசுவார். மலையாளி என்பதைக்கூட நான் கணக்கில் எடுக்கவில்லை. ஒருநாள் அவர் அந்தப் பெண்ணிடம் ஏதோ கேட்டுச் சிரித்தபோது, குறுக்கே போய் நின்று என்ன விஷயம் என்று கேட்டேன். அவர் சீட்டுகளை அடுக்கிக்கொண்டே, பல்லு முளைச்சோன்னு கேட்டேன் சாரே, அது குற்றமோ என்றார். அதற்குப் பிறகு என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்.

ஓணப் பரீட்சை முடிந்து இரண்டு மூன்று வாரம் இருக்கும். சாயங்காலம் மணி அடித்து, பிள்ளைகள் பெரும்பாலும் போய்விட்டார்கள். இந்தப் பெண் மட்டும் வழக்கம்போல வாசல் படியில் காத்திருந்தது. ஓட்டலில் மத்தியானச் சாப்பாட்டுப் பாத்திரம் முடிந்துதான் அதன் அம்மா வர முடியும். நான் உள்ளே வருகைப் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தேன். பெண் ஓடி வந்தது.

"சார், அம்மா ஆள் அனுப்பிருக்கு. நான் கேட்டேன் சார். சரியாச் சொல்லிட்டாரு."

எட்டிப் பார்த்தேன். வாசலில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஒருவர் நின்றிருந்தார். கையில் நிலக்கடலைப் பொட்டலம். என்னைப் பார்த்துக் கும்பிட்டார். ஒல்லிதான். ஆனால் வார்த்தையைச் சொல்லிவிட்டாரே. மூன்று மாதமாக நான் கட்டிய பாடம் கண்முன்னே வேலை செய்கிறது. பெண்ணின் தலையைத் தட்டி, சபாஷ், போயிட்டு வா என்றேன். அவர் யார், என்ன உறவு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஊரையே சந்தேகப்பட்டவன் அந்த ஒரு ஆளைச் சந்தேகப்படவில்லை.

கால் மணி நேரம் கழித்து அம்மா வந்து நின்றார். சேலையின் முன்பக்கம் நனைந்திருந்தது. நான் கொஞ்சம் கெத்தாகவே, நீங்க அனுப்பின ஆள் வந்து கூட்டிட்டுப் போயாச்சே என்றேன்.

"நான் யாரையும் அனுப்பலியே சாரே."

வார்த்தையைச் சரியாகச் சொன்னாராம் என்றேன். அந்த அம்மா வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டார். ரகசியம் என்று நினைவில்லாமல் சத்தமாகவே கேட்டார்.

"முப்பிடாதின்னு சொன்னானா? அய்யோ, அது அவன் வீட்டுச் சாமில்லா."

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் கோபம் வந்தது. யாரைத் தடுக்கணுமோ அவன் வீட்டுச் சாமி பேரையா வைப்பீர்கள் என்று கேட்டுவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

"கெட்டிக் குடுத்த அன்னைக்கே பொறந்த வீட்டுச் சாமி போயிருச்சு. அவன் வீட்டுச் சாமிதானே எனக்குச் சாமி. ரகசியமா மனசுக்குள்ள சொல்லுக பேரு எனக்கு வேற எது இருக்கு?"

வெளியே ஓடினேன். எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றபோது லாட்டரிக்காரர்தான் கூப்பிட்டார். முகத்தைத் திருப்பிக்கொண்டேதான் சொன்னார். கிள்ளிப்பாலம் வழி தம்பானூருக்காக்கும் போனது. தென்காசி பஸ் எப்போழ்னு என்கிட்ட கேட்டான். குட்டியோட பேக்கு அவன் தோள்ல. எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். நான் அவரைப் பார்த்துக்கொண்டிருந்த மூன்று மாதமும் அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

தம்பானூர் வரை ஓடினேன். அம்மா பின்னால் வந்துகொண்டிருந்தார். பஸ் ஸ்டாண்டில் தென்காசி பஸ் இஞ்சினைப் போட்டு உறுமிக்கொண்டிருந்தது. நடுவில் ஒரு ஜன்னலோரம் அந்தப் பெண் கடலைத் தோலை ஊதி ஊதிப் பறக்கவிட்டுக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும், சார் நீங்களும் வாறியளா என்று கேட்டது. உள்ளே ஏறி அதன் கையைப் பிடித்தேன்.

அங்கேதான் எல்லாம் தலைகீழாகத் திரும்பியது. அந்த மனிதர் எழுந்து நிதானமாக, யாரு நீங்க, எம்பிள்ளை கையை ஏன் பிடிக்கிய என்றார். பஸ்ஸில் முக்கால்வாசி நம் ஊர்க்காரர்கள். எல்லாரும் திரும்பினார்கள். மூச்சு வாங்க, வியர்த்து வழிய, ஒரு பெண் பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கிற ஒரு பையன். பக்கத்தில் இஸ்திரிச் சட்டை போட்ட ஒரு அப்பன். யாரைச் சந்தேகப்படுவார்கள்? முன்சீட்டுப் பெரியவர் ஒருத்தர் என் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். அப்பன் பிள்ளையக் கூட்டிட்டுப் போறான், ஒனக்கு என்னடே என்றார். நான் வாத்தியார் என்றேன். வாத்தியார்னா பள்ளிக்கூடத்துல இரி என்றார் இன்னொருவர். சிரித்தார்கள்.

"வீட்டு ஆளுக்குத் தெரிஞ்ச வார்த்தை என்னன்னு பிள்ள கேட்டா. எங்க சாமி பேரச் சொன்னேன். தப்பா சார்?" என்றார் அந்த மனிதர். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கேட்டார். கேள்வியை எழுதிக் கொடுத்ததே நான்தான், வீட்டு ஆள் என்று பாதிப் பதில் அதற்குள்ளேயே இருந்தது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

கண்டக்டர் வந்தார். எனக்கு நேரமாகுது என்று சொல்லிவிட்டு, எங்கள் இருவரையும் விட்டுவிட்டுப் பெண்ணிடம் குனிந்தார். "பாப்பா, இது யாரு, ஒங்க அப்பாவா?"

பெண் பக்கத்திலிருந்த அந்த மனிதரை அண்ணாந்து பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது.

"தெரியலியே. அம்மா அனுப்புன மாமா."

என் சட்டையிலிருந்து பெரியவரின் கை தளர்ந்தது. அந்த மனிதர் ஏதோ சொல்ல வாயெடுத்தார், நான்தாம்ளா ஒங்க அப்பன் என்று மெதுவாகச் சொன்னார். அதற்குள் பெண்ணுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டுவிட்டது. கடலைப் பொட்டலத்தைச் சீட்டில் வைத்துவிட்டு என் பக்கம் நகர்ந்தது. அம்மா வந்து சேர்ந்தார். படியில் நின்றபடியே இரண்டு கையையும் நீட்டினார். பெண் போய் ஒட்டிக்கொண்டது. புருஷன் முகத்தை அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அவர் இறங்கித் தகராறு செய்வார் என்று பயந்தேன். செய்யவில்லை. பஸ் நகர்கிறபோது ஜன்னல் வழியாகப் பள்ளிக்கூடப் பையை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அதில் புதிதாக ஒரு தண்ணீர் பாட்டில் தொங்கியது. நல்லவரா கெட்டவரா என்று இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பாட்டிலை மட்டும் மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் பெண்ணிடம் கொடுத்தேன்.

மறுநாள் வகுப்பில், வார்த்தையைச் சொல்ல வேண்டாம், சாமி பேரை வைத்திருக்கிறவர்கள் மட்டும் கை தூக்குங்கள் என்றேன். முப்பது கைக்கு மேல் எழுந்தது. எல்லாம் தென்காசிப் பக்கத்து ஊர்க்காரர்கள். முப்பிடாதி, இசக்கி, சுடலை என்று மூன்று பெயரைச் சொன்னால் என் வகுப்பில் முக்கால்வாசிப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விடலாம். எங்கள் வீட்டிலும் வைத்திருந்தால் சுடலை என்றுதான் வைத்திருப்போம். தாய்மாரை வரச்சொல்லி, சாமி வேண்டாம், ஊர் பேர் வேண்டாம், கேள்வியையும் மாற்றியாச்சு என்று ஒவ்வொருவரிடமும் சொன்னேன். சாமியைச் சொல்லக் கூடாதுன்னா பின்னே எதச் சொல்ல என்று ஒருத்தி சண்டைக்கே வந்தாள். லாட்டரிக்காரரிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். ஒரு சீட்டு எடு என்றார். எடுத்தேன். விழவில்லை.

துலாம் மாதத்தில், நம் ஐப்பசியில், ஒரு சாயங்காலம் இடியும் மழையுமாகப் பிடித்துக்கொண்டது. சந்தில் முழங்கால் அளவு தண்ணீர். எல்லாப் பிள்ளைகளும் போய், அந்தப் பெண் மட்டும் இருந்தது. அம்மா வரவில்லை. நேரம் போய்க்கொண்டே இருந்தது. என்னிடம் குடை இருந்தது. வா, வீட்டில் விட்டுவிடுகிறேன் என்று கையை நீட்டினேன். பெண் பெஞ்சிலிருந்து அசையவில்லை. முன்பல் பாதி முளைத்திருந்தது.

"வார்த்தை என்ன சார்?"

நான் சார்தானே என்றேன். ஆமென்று தலையை ஆட்டியது. பஸ்ஸிலிருந்து இறக்கினது நான்தானே என்றேன். அதற்கும் ஆட்டியது. ஆனால் எழுந்திருக்கவில்லை. பஸ்ஸில் கண்டக்டர் கேட்டபோது அந்த மனிதரைப் பார்த்த அதே பார்வை, கொஞ்சமும் சிரிப்பில்லாமல். நான் யோசித்தேன். அதன் அம்மாவுக்கு மனசுக்குள் சொல்ல வேறு என்ன பேர் இருக்கும்? ஓட்டல், பாத்திரம், பழவங்காடிப் பிள்ளையார், எதுவுமே பொருந்தவில்லை.

தெரியாது என்றேன்.

அப்போ உக்காருங்க என்றது.

குடையை மடக்கிவிட்டு எதிர்ப் பெஞ்சில் உட்கார்ந்தேன். கரண்ட் போய்விட்டது. ஆறு மணிக்கு மேல், தண்ணீரைக் காலால் அளைந்துகொண்டு அதன் அம்மா வருகிற சத்தம் கேட்கும்வரை இரண்டு பேரும் அப்படியே இருந்தோம். மின்னல் வெட்டுகிறபோதெல்லாம் அது என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.